பாண்டான் பச்சை

நேற்று கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் காடியை (காரை) எங்கே நிறுத்தினேன் என்று தேடவே வேண்டியிருக்கவில்லை. வெள்ளை, சில்வர், சாம்பல் வரிசைக்கு நடுவில் என் 2017 மாடல் பச்சை மைவி கார் பாண்டான் இலைக் கேக் மாதிரி உட்கார்ந்திருந்தது.

வாங்கும்போது அக்கா தலைதலையாய் அடித்துக்கொண்டார். "வெள்ளை எடுடா, விற்கும்போது சுலபம். வெயிலில் சூடும் குறைவு." இரண்டுமே உண்மைதான். ஆனால் தினமும் ஓட்டப் போகிறவன் நான், அடுத்து வாங்கப் போகிறவன் இல்லையே!

ஒரே ஒரு வருத்தம் உண்டு. போன தைப்பூசத்துக்குப் பத்துமலையில் நிறுத்தியபோது யாரோ கதவில் கோடு போட்டுவிட்டார்கள். பட்டறையில் அதே பச்சை என்றுதான் அடித்தார்கள். நிழலில் பார்த்தால் சரி, வெயிலில் கதவு மட்டும் வேறு பச்சை. மெட்டாலிக் சாயத்தில் பொடிப்பொடி அலுமினியத் துகள்கள் இருக்கும். ஸ்ப்ரே காற்றழுத்தம், தூரம் கொஞ்சம் மாறினாலும் அவை படுக்கும் விதம் மாறி, ஒளி வேறு மாதிரி தெறிக்கும். பழைய சாயமோ வெயிலில் வெளுத்திருக்கும். சாயத்தின் குறியீட்டு எண் ஒன்றாக இருந்தால் மட்டும் போதாது.

அக்கா மகன், "மாமா, முழுசா மேட் கறுப்பு அடிச்சிடலாம்" என்கிறான். நிறத்தை மாற்றினால் ஜேபிஜே என்ற சாலைப் போக்குவரத்துத் துறையில் பதிய வேண்டும், அந்த அலைச்சல் வேறு. அதோடு கோலாலம்பூர் வெயிலுக்குக் கறுப்பா? வேண்டாம்பா.

இரண்டு பச்சையோடே ஓடட்டும்.