சொல்லுக்கு இவ்வளவு

“ரேட் நான் வைப்பதில்லை” என்று சொன்னேன். பொய் இல்லை. ஆனால் ரேட் வைப்பவர்கள் படித்த குறிப்பு நான் எழுதியது.

ஒலிப்பதிவைக் கேட்டு எழுத்தாக்கும் வேலை. எழுதிய சொல்லுக்கு இவ்வளவு என்று கூலி. கிளையன்ட் பட்டியலில் உஸ்பெக்கும் மோசி மக்களின் மொழியான மோரேயும் ‘தரவு குறைந்த மொழிகள்’ என்ற ஒரே கட்டத்தில் இருந்தன. ஒன்று மூன்று கோடிப் பேருக்கு மேல் பேசும் துருக்கியக் குடும்பத்து மொழி. மற்றது புர்கினா ஃபாசோவில் ஏறக்குறைய பாதிப் பேர் பேசும் மேற்கு ஆப்பிரிக்க மொழி. இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனாலும் ஒரே கட்டம், ஆகவே ஒரே ரேட்.

தாஷ்கண்டிலிருந்து சரிபார்த்துக் கொடுத்த அம்மையார் முன்பு பள்ளி ஆசிரியை. எல்லாருக்கும் பொதுவாக நாங்கள் அனுப்பிய வழிகாட்டித் தாளில் இரு மொழி எடுத்துக்காட்டுகளும் அடுத்தடுத்து இருந்தன. ‘எனக்குத் தெரியாது’ என்ற வரியை அவர் பிடித்துக்கொண்டார். உஸ்பெக்கில் அது ‘பில்மைமன்’. வினை, எதிர்மறை, ‘நான்’ எல்லாம் ஒன்றாக ஒட்டி ஒரே சொல். மோரேயில் ‘மாம் க மி யே’. வினைக்கு முன்னால் ‘க’, வாக்கியக் கடைசியில் ‘யே’ என்று எதிர்மறையே இரண்டு துண்டு. ஆக நான்கு சொல்.

“சொல்லி முடிக்க ஆகும் நேரம் ஒன்றுதான். எங்களுக்கு ஒரு சொல்லின் காசு, அவர்களுக்கு நான்கு சொல்லின் காசு. உங்கள் தமிழும் ஒட்டிக்கொண்டே போகும் மொழி என்று நீங்கள்தானே சொன்னீர்கள்? உங்களுக்கும் இப்படித்தான் எண்ணுவார்களா?”

அதற்குத்தான் நான் ரேட் கதையைச் சொன்னேன். அவர் குரல் உயரவில்லை. “சரி” என்று சொல்லிவிட்டு அடுத்த கோப்பைப் பற்றிப் பேசத் தொடங்கினார். சண்டை போட்டிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லி மறந்திருப்பேன்.

ஆமாம், இப்படித்தான் எண்ணுகிறார்கள். ‘வரவேண்டியிருந்ததாம்’ என்பதை ஒரே சொல்லாக எழுதியதற்குச் சபித்துக்கொண்டே தமிழ் வேலை செய்தவன் நான். அவர் கேட்பதற்கு முன்பே எனக்கு அது தெரியும்.

சொல் எண்ணிக்கையை விட்டுவிட்டு ஒலியின் நிமிடத்துக்குக் கூலி வைக்கலாமா என்று மேலாளர் அப்போதுதான் கேட்டிருந்தார். ஒரு பக்கத்தில் ஒப்பீடு எழுதித் தரச் சொன்னார். ‘சொல்லே இருக்கட்டும்’ என்று எழுதினேன்.

காரணம் இருந்தது. மோரே பேசுகிறவர்களில் பலர் பள்ளியில் படித்தது பிரெஞ்சில். 2024 தொடக்கத்தில் வந்த அரசியலமைப்புத் திருத்தம் பிரெஞ்சைப் பணிமொழியாக இறக்கி, நாட்டு மொழிகளை ஆட்சிமொழி ஆக்கியது உண்மைதான். அதற்காகக் கை பழகிவிடுமா? முறையான மோரே எழுத்தில் ‘இ’யிலேயே இரண்டு வகை, ‘உ’விலும் இரண்டு வகை. சாதாரணக் கைபேசி விசைப்பலகையில் அந்த இரண்டாவது எழுத்துகள் கிடையாது. வேறு சுரத்தில் சொன்னால் பொருளே மாறக்கூடிய மொழி, ஆனால் வழக்கமான எழுத்தில் சுரம் குறிப்பதில்லை. கேட்டு எழுதுகிறவர் ஒவ்வொரு வரியிலும் நின்று நின்றுதான் போக முடியும். நிமிடக் கூலி வைத்தால் அவர்கள் கதி என்ன? சொல் கூடுதலாக வருவது, தற்செயலாகவே என்றாலும், அந்தத் தாமதத்துக்கு ஈடாகிறது. இதைத்தான் குறிப்பில் எழுதினேன். இன்றைக்குப் படித்தாலும் அந்தப் பத்தி தப்பாகத் தெரியவில்லை.

உஸ்பெக்குக்கு மட்டும் எழுத்துச் சிக்கல் இல்லையா என்ன? அரபு எழுத்து, 1920களின் கடைசியில் லத்தீன், 1940இல் ரஷ்ய எழுத்தான சிரிலிக், 1993 சட்டப்படி மறுபடி லத்தீன். இன்றும் சிரிலிக்கில் எழுதுகிறவர்கள் உண்டு. லத்தீனில் ‘ஓ’ ஒலிக்கு எழுத்தின் தலையருகே ஒரு சிறு கொக்கி வரும். ஆளாளுக்கு ஒரு கொக்கி போடுவார்கள். எங்கள் கருவி அதை மேற்கோள்குறி என்று நினைத்து, மொழியின் பெயரையே இரண்டாக வெட்டி, இரண்டு சொல்லாக எண்ணிக்கொண்டிருந்தது. உஸ்பெக்காரர்களுக்கு அந்த ஒரு இடத்தில்தான் லாபம். அதையும் கண்டுபிடித்துத் திருத்தச் சொன்னது நான்தான். தரவு சுத்தமாக இருக்க வேண்டுமே. அடுத்த மாதக் கணக்கில் சொற்கள் குறைந்தன. அம்மையார் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

சில சமயம் எனக்கு வேறு விதமாகத் தோன்றுகிறது. உஸ்பெக் எனக்குப் பழகிய மாதிரி இருந்தது. வினை கடைசியில், ஒட்டுகள் வரிசையாக, வேற்றுமை உருபு பெயரின் வாலில். அதனால் அது சுலபம் என்று நானே முடிவு கட்டிவிட்டேனோ? சுரமும் நாசி ஒலியும் என் காதுக்குப் புதிது, அதனால் மோரே கஷ்டமாகிவிட்டதோ? உஸ்பெக்கின் முன்னோடிக் கவிஞர் அலிஷேர் நவாயி 1499இல் தன் துருக்கிய மொழியையும் பாரசீகத்தையும் ஒப்பிட்டு ஒரு நூலே எழுதினார். துருக்கிய மொழிதான் வளம் மிக்கது என்று தீர்ப்பு. தன் மொழிக்காக வாதாடுகிறார் என்பது படிக்கிறவருக்குத் தெரியும். என் குறிப்பில் தமிழ் என்ற பெயரே கிடையாது. நடுநிலை ஆள் எழுதியது என்றுதான் மேலே படித்திருப்பார்கள்.

இன்னொரு பக்கம், ஒரு மணி நேரத்துக்கு இவ்வளவு என்று வைத்திருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது. அதையும் வாயால் சொல்லிப் பார்த்தேன். பட்ஜெட்டில் அப்படி ஒரு தலைப்பே இல்லை என்றார்கள். எழுத்தில் நான் அதை வைக்கவில்லை. வைத்திருந்தாலும் ஒன்றும் மாறியிருக்காது என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். நினைக்க வசதியாகவும் இருக்கிறது.

அப்புறம் ஒருநாள் புர்கினா ஃபாசோவின் தலைநகர் வாகடூகுவில் மோரே சரிபார்ப்பவரிடம் பேச்சோடு பேச்சாகக் கேட்டேன், நிமிடக் கணக்கில் கொடுத்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று. “பாதிப் பேர் ஓடியிருப்பார்கள்” என்று சிரித்தார். மனசு கொஞ்சம் லேசானது. ஆனால் நான் அவரிடம் கேட்டது, குறிப்பை அனுப்பி வெகுநாள் கழித்து.