வானிலைக்குத் தனிப் பிரிவு கேட்ட கதை

எங்கள் அறிவியல் குழுவில் வானிலைக் கேள்வி எது வந்தாலும் இயற்பியல் பிரிவுக்குத்தான் போகும். அங்கே கருந்துளைக்கும் குவாண்டத்துக்கும் நடுவில் "மேகம் ஏன் கீழே விழுவதில்லை?" என்ற கேள்வி சீந்துவாரின்றிக் கிடந்தது. தனிப் பிரிவு வேண்டும் என்று இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தேன். வானிலையின் முக்கியத்துவம், அது இது என்று. இப்போது படித்தால் எனக்கே கொட்டாவி வருகிறது. பொறுப்பாளர்கள் கேட்டது ஒன்றுதான்: "இயற்பியலிலேயே இருந்தால் என்ன குறைந்துவிடும்?" வாயடைத்துப் போனேன்.

பதில் வேறொருவர் மூலம் வந்தது. தன் வீட்டுக் காற்றழுத்தமானி 960 ஹெக்டோபாஸ்கல் (காற்றழுத்தத்தின் அலகு) காட்டுகிறது, புயல் வருகிறதா என்று பதறிப்போய்க் கேட்டார் ஒரு உறுப்பினர். கடல் மட்டத்தில் சராசரி 1013. அங்கே 960-க்கு இறங்கினால் கடும் புயலின் மையம் என்றே அர்த்தம். ஆளாளுக்குப் புயலின் இயற்பியலை விளக்கத் தொடங்கிவிட்டார்கள். அவர் இருக்கும் இடம் எவ்வளவு உயரம் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. நான் கேட்டேன். சுமார் 450 மீட்டராம். தரையை ஒட்டிய உயரங்களில் எட்டு, எட்டரை மீட்டர் ஏறினால் ஒரு ஹெக்டோபாஸ்கல் குறையும். போட்டுப் பாருங்கள், 450 மீட்டருக்கு ஏறக்குறைய 53 குறையும்; 1013-இல் அதைக் கழித்தால் 960, கணக்கு சரியாக வரும். வானம் எப்படி இருக்கிறது என்றேன். "பளிச்சென்று வெயில்" என்றார்.

அடுத்த விண்ணப்பம் அரைப் பக்கம்தான். இடம், உயரம், நேரம், கருவி வைத்த விதம், இந்த நான்கும் தெரியாமல் வானிலைக் கேள்விக்குப் பதில் கிடையாது. அதைக் கேட்டு வாங்கத் தனி இடம் வேண்டும். சரி, ஒரு மாதம் பார்ப்போம் என்றார்கள். கூடவே ஒரு நிபந்தனை: யாரும் சொந்தமாகப் புயல் எச்சரிக்கை விடக் கூடாது. அப்போது முணுமுணுத்தேன். இப்போது அந்த விதியை மீறுபவர்களிடம் சண்டை போடுவதே நான்தான்.

அந்த மாதத்தில் நடந்த வேடிக்கை ஒன்று. ஒரே தெரு, ஒரே மழை. ஒருவர் 18 மில்லிமீட்டர் என்கிறார், இன்னொருவர் 31. இரண்டு நாள் வாக்குவாதத்துக்கு அப்புறம் படம் கேட்டு வாங்கினோம். 31-காரரின் மழைமானி கூரை விளிம்புக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தது!

பிரிவு கிடைத்தது. முதல் வேலையாக அந்த மேகக் கேள்வியை இங்கே கொண்டுவந்தோம். மேகம் விழுந்துகொண்டுதான் இருக்கிறது. அதன் துளியின் விட்டம் ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு இருந்தால் நொடிக்கு ஒரு சென்டிமீட்டர் அளவே இறங்கும், மேலெழும் காற்று அதைச் சுலபமாகத் தாங்கிவிடும். கேட்டவருக்குப் பதில் போய்ச் சேர்ந்தது, பதினான்கு மாதம் கழித்து.