அறிக்கையோடு நிற்காமல் பிளாக்கையும் கேட்டு வாங்குங்கள்

அக்காவின் நாக்கின் ஓரத்தில் வலியோ புண்ணோ இன்றிப் பட்டாணி அளவில் இருந்த கட்டிக்குக் கடலூரில் பயாப்ஸி, அதாவது சிறு திசுத் துண்டு எடுத்துச் சோதிக்கும் பரிசோதனை, எடுத்தோம். ஸ்குவாமஸ் செல் கார்சினோமா, அதாவது புற்றுநோய், என்று அறிக்கை வந்தது. நாக்கின் ஒரு பகுதியை நீக்குவது குறித்துப் பேச்சு எழுந்த நிலையில், புதுச்சேரியில் இன்னொருவரிடமும் காட்டிவிடலாம் என்று சென்றோம். அங்கிருந்த நோய்க்குறியியல் மருத்துவர் அறிக்கையை ஒதுக்கி வைத்துவிட்டு, திசுச் சீவல் ஒட்டிய கண்ணாடிச் சிலைடையும், மீதித் திசுவை மெழுகில் பதித்து வைத்திருக்கும் பாரஃபின் பிளாக்கையும் கேட்டார்.

அலைச்சல் அங்கேதான் தொடங்கியது. கடலூர்ப் பரிசோதனைக்கூடத்தின் முகப்பில் இருந்தவர், "ரிப்போர்ட்தான் குடுத்தாச்சே, பிளாக்கெல்லாம் வெளியே தர்றதில்லைங்க" என்று முடித்துக்கொண்டார். வற்புறுத்தியபின் மருத்துவரின் கடிதம் கேட்டார். கடிதத்தோடு போனால் அதில் பயாப்ஸி எண் இல்லை என்றார். எண்ணையும் எழுதி வாங்கிப் போனால், கையெழுத்திட வேண்டியவர் விடுப்பில் இருப்பதாகச் சொன்னார். ஆகவே கடிதத்தில் நோயாளியின் பெயர், பயாப்ஸி எண், பிளாக் எதற்காகத் தேவை என்ற மூன்றும் இருக்கும்படி முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். பணம் கட்டிய ரசீதையும் தூக்கி எறியாதீர்கள். கண்ணாடிச் சிலைடுகளைக் கைப்பையில் செருகாமல் அவற்றுக்குரிய பெட்டியிலேயே கொண்டு செல்லுங்கள். வெயிலில் நிற்கும் வண்டிக்குள் மெழுகு பிளாக்கை விட்டுவிடாதீர்கள்.

ஒருவழியாகக் கைக்கு வந்த பிளாக்கிலிருந்து மருத்துவர் புதிதாகச் சீவல்கள் எடுத்துப் பார்த்தார். முதல் பயாப்ஸி மேலோட்டமாகக் கிள்ளியது போலத்தான் இருந்தது. அடிவிளிம்பில் மட்டும் துகள் துகளாக நிறைந்த பெரிய செல்கள் சில தெரிந்தன. கிரானுலர் செல் டியூமராக இருக்கலாம் என்றார். 1926இல் ரஷ்ய நோய்க்குறியியல் மருத்துவர் அப்ரிகோசாஃப் விவரித்த இந்த அரிய கட்டி பெரும்பாலும் தீங்கற்றது. நாக்கில்தான் மிகுதியாக வரும். இதன் மேலுள்ள தோற்படலம் வேர்விட்டதைப் போலக் கீழே இறங்கி வளர்வதுண்டு என்பதால், ஆழமில்லாத துண்டை மட்டும் பார்ப்பவருக்கு அது புற்றுநோயாகவே தோன்றிவிடும்.

மறு பயாப்ஸி ஆழமாக எடுக்கப்பட்டு, திசு கெடாமல் காக்கும் ஃபார்மலினில் போடப்பட்டு, சிக்கலின்றி முடிந்தது. இந்தக் கட்டிக்கு மூலமான, நரம்புறையைச் சேர்ந்த ஷ்வான் செல்களைக் காட்டிக்கொடுக்கும் எஸ்-100 சாயச் சோதனை பாசிட்டிவாக வந்து, கிரானுலர் செல் டியூமர்தான் என்று உறுதியானபோதுதான் வீட்டில் அனைவரும் ஒழுங்காகச் சாப்பிட்டோம். கட்டிக்குத் தெளிவான உறை இல்லாததால் சுற்றிலும் சிறிது நல்ல திசுவையும் சேர்த்து அகற்றினார்கள், நாக்கு தப்பியது.

இத்தகைய சாயச் சோதனைகளுக்கு எஸ்-100 போன்ற ஒவ்வொரு மார்க்கருக்கும் தனித்தனியாகக் கட்டணம் போடும் இடங்கள் உண்டு. எவையெவை தேவை என்று மருத்துவரிடம் எழுதி வாங்கிய பிறகே பணம் கட்டுங்கள்.