பெருக்கல் குறி

"இந்த மாசம் கார் விளம்பரத்துக்கு கிளிக் நல்லா ஏறியிருக்கே, என்ன பண்ணினீங்க?" என்று எங்கள் செய்தித் தளத்தின் மேலாளர் கேட்டார். "புது லேஅவுட் சார்" என்றேன். பொய் இல்லை. இருந்தாலும் அந்த இடத்தில் வேறு என்ன சொல்லியிருக்கலாம் என்று இன்னமும் சொல்லிச் சொல்லிப் பார்க்கிறேன்.

அதற்கு இரண்டு நாள் முன்னால் ஒரு வாசகர் போன் செய்திருந்தார். யாரிடம் கொடுப்பதென்று தெரியாமல் என்னிடம் தள்ளிவிட்டார்கள். "தம்பி, செய்தியைத் திறந்தா கார் வந்து நிக்குது. மூடுறதுக்கு அந்தப் பெருக்கல் குறி எங்கேயுமே இல்லையே" என்றார். "வலது மேல் மூலையில பாருங்க ஐயா, அஞ்சு விநாடியில வரும்" என்றேன். வரவில்லையாம். எங்கே தொட்டாலும் கார் கம்பெனி பக்கத்துக்குப் போகிறதாம். வயதானவர், கண் சரியாகத் தெரியவில்லை போல என்றுதான் நினைத்தேன்.

மகன் வாங்கிக் கொடுத்த ஐபோன் 6 என்று சொல்லியிருந்தார். அப்புறம் சந்தேகம் வந்து, அதே மாதிரி போனில் எல்லாவற்றையும் பெரிதாக்கிக் காட்டும் வசதியைப் போட்டுப் பார்த்தேன். பக்கத்துக்குக் கிடைக்கும் அகலம் 375 பிக்சலிலிருந்து 320 ஆகிவிடுகிறது. விளம்பரப் பெட்டிக்கு 360 என்று எழுதியது நான்தான். மிச்சம் 40 பிக்சல் திரைக்கு வெளியே; பெருக்கல் குறியும் அங்கேதான். பக்கத்தை நகர்த்தவும் முடியாதபடி பூட்டியிருந்தோம். கண் மங்கியவர்கள்தான் பெரிதாக்கி வைத்துக்கொள்வார்கள். அவர்களுக்கு மட்டும் வாசலே இல்லை. ஏறிய கிளிக்கில் அப்படி வந்தவை எத்தனை என்று நான் எண்ணிப் பார்க்கவில்லை. எண்ண முடியாது என்று அப்போது சொல்லிக்கொண்டேன். முடியும்.

ஒரு வரியை மாற்றினால் போதும். அந்த விளம்பரம் மாதக் கடைசிவரை ஓட வேண்டியிருந்தது. மாதம் முடிந்தபின் மாற்றினேன். என் சம்பளமும் அந்தக் காரிலிருந்துதானே வந்தது? செய்தியை யாரும் காசு கொடுத்துப் படிக்கவில்லை. இது நியாயமான பேச்சுதான். 40 பிக்சலுக்கு மட்டும் அது பதில் இல்லை.

தேடலிலிருந்து வருபவரை இப்படி மறிக்கும் மொபைல் பக்கங்களைப் பின்னுக்குத் தள்ளுவோம் என்று கூகுள் அறிவித்தது 2016 ஆகஸ்டில். நடைமுறை 2017 ஜனவரி 10 முதல். ஜனவரி பிறந்ததும் ஒரே மதியத்தில் அப்படி மறிக்கும் விளம்பரம் எல்லாவற்றையும் எடுத்தோம். வாசகர் கூப்பிட்டபோது இல்லாத அவசரம்.

தனி ஜன்னலாகத் திடீரென்று எழும் பாப்-அப் விளம்பரத்துக்கு முதலில் நிரல் எழுதியவர்களில் ஒருவரான ஈதன் ஸக்கர்மேன் 2014-இல் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். அதற்கும் தொடக்கம் ஒரு கார் கம்பெனிதான்: கண்டபடியான பக்கத்தில் தன் விளம்பரம் வந்துவிட்டதென்று அது பதற, விளம்பரத்தைத் தனி ஜன்னலில் திறக்க வைத்தார். அவர் ஊருக்கே சொன்னார். எனக்கு ஒருவரிடம் சொன்னால் போதும். அந்த வாசகரின் நம்பர் ரிசப்ஷன் நோட்டில் இருந்தது. சரியாகிவிட்டது என்று சொல்ல ஒருமுறை போனை எடுத்தேன். எப்போது சரிசெய்தாய் என்று கேட்பாரோ என்று வைத்துவிட்டேன்.