மானிட்டரில் 240

இரண்டு மாதக் குழந்தையின் இதயம் நிமிடத்துக்கு 240 தடவை அடிக்கிறது என்று நர்ஸ் சொன்னார். தங்கச்சிக்கு அது காதில் ஏறவே இல்லை. "காலைலேருந்து பால் குடிக்கல, ஒரே வேர்வை" என்றே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

டாக்டர் முதலில் கேட்டது ஐஸ்!

பிளாஸ்டிக் பையில் ஐஸும் தண்ணீரும். வாயையும் மூக்கையும் மூடாமல், நெற்றியில் சில விநாடி. முகத்தில் திடீர்க் குளிர் பட்டால் வேகஸ் நரம்பு இதயத்தைக் கொஞ்சம் இழுத்துப் பிடிக்குமாம். பிடிக்கவில்லை.

அப்புறம் அடினோசின் ஊசி; இதயத்தை ஒரு கணம் நிறுத்தி, துடிப்பைச் சீராக்கப் பார்க்கும் மருந்து. மருந்து போன கையோடு சலைனையும் வேகமாகத் தள்ளினார்கள். அந்த மருந்துக்கு ரத்தத்தில் ஆயுள் சில விநாடிதான்.

ஈசிஜி காகிதத்தில் கோடு தட்டையாக ஓடியது. இப்படி ஆகும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். இருந்தும் மாப்பிள்ளை சுவரைப் பிடித்துக்கொண்டார்.

ஒரு துடிப்பு. இன்னொன்று. அப்புறம் 140.

கைக்குழந்தைக்கு வரும் இந்த எஸ்விடி, அதாவது இதயம் திடீரென்று மிக வேகமாக அடிக்கும் கோளாறு, பெரும்பாலும் மருந்துக்கு அடங்கிவிடும். எனக்குப் பயம் லாங் க்யூடி மாதிரியான, பெரும்பாலும் பரம்பரையாக வரும் இதய மின்னோட்டக் கோளாறுகளில்தான். ஓடும்போதோ நீந்தும்போதோ பிள்ளை மயங்கி விழுந்தால், "வலிப்பு", "வெயில்", "காலைல சாப்பிட்டிருக்க மாட்டான்" என்று நாமே முடிவுகட்டிவிடுகிறோம். ஒரு ஈசிஜி பல நேரம் காட்டிக்கொடுத்துவிடும். ப்ரோப்ரனலால் போன்ற பழைய, மலிவான மாத்திரையே பல பிள்ளைகளைக் காப்பாற்றுகிறது.

விளையாடும்போது மயங்கிய பிள்ளை வீட்டில் இருந்தால், ஈசிஜி எடுத்தாச்சா என்று டாக்டரிடம் கேளுங்கள். குடும்பத்தில் யாராவது சின்ன வயதில் திடீரென்று இறந்திருந்தால், அதையும் மறக்காமல் சொல்லுங்கள்.