விடியக்காலையில் எடுத்த சளி

எங்கள் அப்புச்சி, அதாவது அம்மாவின் அப்பா, சென்னிமலைப் பக்கம் நாற்பது வருஷம் தறி ஓட்டியவர். இருமல் வந்தால், "பஞ்சுத் தூசு கண்ணு, அதும்பாட்டுக்குப் போயிரும்" என்பார். இந்த முறை மூன்று வாரமாகியும் போகவில்லை. சாயங்காலமானால் உடம்பு கணகணவென்று சுட்டது. இடுப்பு பெல்ட்டில் நான் புதிதாக ஒரு ஓட்டை போட்டுக் கொடுத்தேன்.

முதலில் ஒரு தனியார் லேபுக்குப் போனோம். டப்பாவைக் கையில் கொடுத்து, "துப்பிட்டு வாங்க" என்றார்கள். அவ்வளவுதான். அப்புச்சி குழாயடியில் நின்று எச்சிலைத் துப்பிக் கொடுத்தார். மைக்ராஸ்கோப்பில் பார்த்து, காசநோய்க் கிருமி இல்லை, நெகட்டிவ் என்று எழுதித் தந்தார்கள். இருமல் மருந்தோடு வீடு திரும்பினோம். அதில் 22 நாள் போனது. எனக்கு அது இன்னும் ஆறவில்லை. அந்த நாளெல்லாம் அக்காவின் மூன்று வயது மகள் அவர் மடியில்தான் இருந்தாள்.

அப்புறம் அரசு மருத்துவமனைக்கு அழைத்தபோது தயங்கினார். எங்கள் பக்கத்துப் பெரியவர்களுக்குப் பெருந்துறை என்றாலே பழைய காசநோய் சானடோரியம்தான் ஞாபகம். "ஊர்ல என்ன பேசுவாங்களோ" என்றார். "பேசட்டுமுங் அப்புச்சி, நீங்க வாங்க" என்று கூட்டிப் போனேன்.

அங்கே லேப் டெக்னீஷியன் அம்மா பத்து நிமிஷம் செலவழித்தார். "எச்சில் வேண்டாமுங் ஐயா, நெஞ்சுக்குள்ள இருந்து வரோணும்" என்று சொல்லி இரண்டு டப்பா கொடுத்தார். காலையில் எழுந்ததும் வெறும் தண்ணீரில் வாய் கொப்பளிக்க வேண்டும். மூச்சை ஆழமாக இழுத்து, கொஞ்சம் நிறுத்தி, அடிவயிற்றிலிருந்து இரும வேண்டும். வீட்டுக்குள் கூடாது, காற்றோட்டமான வெளியிடத்தில்தான்.

மறுநாள் ஐந்து மணிக்கு அப்புச்சி மாடு கட்டும் தொண்டுப்பட்டிக்குப் பின்னால் போய் நின்றார். மூன்று தடவை ஒன்றும் வரவில்லை. நான்காவது தடவை கெட்டியாக, மஞ்சளாக வந்தது. டப்பாவை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். லேபில் கொடுத்த எச்சிலுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

இந்த முறை செய்தது சிபிநாட், காசநோய்க் கிருமியை அதன் டிஎன்ஏவை வைத்துத் தேடும் பரிசோதனை. சளியைப் போல இரண்டு மடங்கு மருந்துக் கரைசலை ஊற்றிக் குலுக்கி, கால் மணி நேரம் வைப்பார்கள். தண்ணீராக இளகியதும் கார்ட்ரிஜ் என்கிற சின்னப் பிளாஸ்டிக் குப்பியில் விட்டு மெஷினுக்குள் வைத்து மூடிவிடுவார்கள். கிருமியின் டிஎன்ஏவைப் பிரித்துப் பல மடங்காகப் பெருக்கிப் பார்ப்பதெல்லாம் உள்ளேயே நடக்கிறது. மைக்ராஸ்கோப்பில் தெரிய ஒரு மில்லி சளியில் 5,000-க்கு மேல் கிருமி இருக்க வேண்டுமாம். இதற்கு நூற்றுச்சொச்சம் போதும். ஆனால் சளியே இல்லாத எச்சிலைக் கொடுத்தால் எந்த மெஷினும் என்ன செய்யும்?

ரிசல்ட் வர இரண்டு மணி நேரம் ஆனது. காசநோய்க் கிருமி இருக்கிறது, அளவு குறைவு, ரிஃபாம்பிசின் மருந்துக்கு எதிர்ப்பு இல்லை. கடைசி வரியைத்தான் டாக்டர் விரலால் தொட்டுக் காட்டினார். முக்கியமான மருந்து வேலை செய்யும் என்று அர்த்தம். ஐசோனியாசிட் என்ற இன்னொரு காசநோய் மருந்து வேலை செய்யுமா என்பது இந்தப் பரிசோதனையில் தெரியாது, அதற்காகத்தான் இரண்டாவது டப்பா. அன்றே அரசின் காசநோயாளர் பதிவேடான நிக்ஷயில் பதிவு, சாப்பாட்டுச் செலவுக்கு மாதம் 1,000 ரூபாய் வர வங்கிக் கணக்கு எண், ஆறு மாத மாத்திரை எல்லாம் ஆனது. சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகும், பயப்பட வேண்டாம் என்றும் சொல்லி அனுப்பினார்கள். வீட்டில் எல்லோருக்கும் பரிசோதனை நடந்தது. குழந்தைக்கு நோய் இல்லை. தடுப்பு மருந்து மட்டும் ஆரம்பித்தார்கள்.

இரண்டு மாதம் முடிந்ததும், "மறுபடி அந்த மெஷின்லயே பார்த்துருங்க" என்று கேட்டேன். அந்த அம்மா மறுத்தார். செத்த கிருமியின் டிஎன்ஏவும் சளியில் கிடக்கும், மெஷின் அதையும் சேர்த்துப் பிடித்துவிடும். மருந்து கேட்கிறதா என்று பார்க்க மைக்ராஸ்கோப்தான் சரி என்றார். முதலில் எங்களைக் கைவிட்டதும் அதே மைக்ராஸ்கோப்தானே என்று எனக்குள் ஒரு பயம்.

அப்புச்சிக்கு அந்தப் பயம் இல்லை. விடியுமுன்னே தானாக எழுந்து, வாய் கொப்பளித்து, டப்பாவோடு தொண்டுப்பட்டிக்குப் போனார். திரும்பி வந்து மூடியை இறுக்கித் திருகி என்னிடம் நீட்டினார்.

"பார்த்துக்க கண்ணு, எச்சில் இல்ல."