பழைய இன்ஜினா? போர்டு போய்விட்டது என்று வைத்துக்கொண்டு விலை பேசுங்கள்

"இபேயில் இருபது வருடத்துக்கு முந்தைய மாடல் ரயில் இன்ஜின் ஒன்று 200 டாலருக்குக் கிடக்கிறது, புதுசு கேட்டால் 1,500 டாலருக்கு மேல் சொல்கிறான், பழசையே வாங்கிப் போட்டுவிடலாமா?" இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது. வாங்கலாம் என்றுதான் சொல்வேன். ஆனால் உள்ளே இருக்கும் எலக்ட்ரானிக்ஸ் போர்டுக்கு என்று ஒரு டாலர்கூடக் கொடுக்காதீர்கள். பாடி, மோட்டார், கியர், சக்கரம், இவற்றுக்குத்தான் காசு. போர்டும் வேலை செய்தால் உங்கள் அதிர்ஷ்டம். அதை நம்பி விலை பேசக்கூடாது, அவ்வளவுதான்.

நான் சொல்வது லயனல், எம்டிஎச் மாதிரியான கம்பெனிகளின் ஓ கேஜ் ரயில்களைப் பற்றி. அமெரிக்காவில் கிறிஸ்துமஸ் மரத்தைச் சுற்றி ஓடுமே, அந்த மூன்று தண்டவாளச் சமாச்சாரம். 1:48 அளவு, நடுத்தண்டவாளத்தில் ஏசி மின்சாரம். ஊரில் இதே பைத்தியம் பிடித்த நண்பர்கள் எச்ஓ என்ற இன்னும் சின்ன அளவு ரயில் வைத்திருக்கிறார்கள், அவர்களுக்கு இந்தத் தலைவலியே புரிவதில்லை. எச்ஓவில் இன்ஜினுக்குக் கட்டளை அனுப்ப டிசிசி என்ற பொதுத் தரம் 1990களிலேயே வந்துவிட்டது, இன்ஜினுக்குள் 8 பின்னோ 21 பின்னோ உள்ள சாக்கெட் இருக்கும், கட்டளையைப் படிக்கும் டிகோடர் போர்டு செத்தால் பிடுங்கி எறிந்துவிட்டு வேறு கம்பெனியுடையதைச் செருகிக்கொள்ளலாம். மூன்று தண்டவாளத்தில் அப்படி எதுவும் கிடையாது. லயனலுக்கு ஒரு மொழி, எம்டிஎச்சுக்கு வேறொரு மொழி, ஒரே கம்பெனியிலேயே பத்து வருடத்துக்கு முந்தைய போர்டும் இன்றைய போர்டும் வேறு வேறு ஜாதி. அதனால்தான் இங்கே "பழசு வாங்கலாமா" என்பதற்கு ஒரே பதில் கிடையாது. எந்தப் பழசு என்று கேட்க வேண்டியிருக்கிறது.

ரொம்பப் பழசு என்றால் கவலையே இல்லை. இரண்டாம் உலகப் போர் முடிந்த 1945இலிருந்து 1969 வரை லயனல் செய்தவற்றில் பெரும்பாலும் எலக்ட்ரானிக்ஸ் என்று சொல்லும்படி ஒன்றும் கிடையாது. 736 பெர்க்‌ஷயர் மாதிரி ஒரு நீராவி இன்ஜினைத் திறந்தால் உள்ளே ஒரு மோட்டார், இரண்டு கார்பன் பிரஷ், முன்னே பின்னே போக ஈ யூனிட் என்ற சின்ன உருளை. மின்சாரம் விட்டு விட்டு வரும்போது ஒரு சொலினாய்டு அந்த உருளையை ஒரு பல் திருப்பும், அதுதான் அதன் மூளை. தொடர்புப் பட்டைகளைத் துடைத்து, பிரஷ் மாற்றி, இரண்டு சொட்டு எண்ணெய் விட்டால் ஓடிவிடும். உங்கள் பேரனும் அதையே செய்து ஓட்டலாம். இதற்குள் போய் ரிமோட் போர்டு வைக்கிறேன் என்று கிளம்புகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். சேகரிப்பவர்களிடம் அதன் விலையும் போய்விடும், அந்தத் திறந்த மோட்டாருக்கு வேகக் கட்டுப்பாடும் சரியாக அமையாது. அப்படியே ஓட்டுங்கள்.

சிக்கல் 1990களில் ஆரம்பிக்கிறது. அந்தப் பத்தாண்டின் நடுவில் லயனல் டிஎம்சிசி என்ற ரிமோட் முறையைக் கொண்டுவந்தது. அதில் பாடகர் நீல் யங்குக்குப் பெரிய பங்கு உண்டு, மனிதர் அப்படியொரு ரயில் கிறுக்கு. பெருமூளை வாதம் உள்ள மகனும் தன்னோடு சேர்ந்து ரயில் ஓட்ட வேண்டும் என்ற ஆசையில்தான் ரிமோட் பக்கம் போனார். முறை எளிமையானது. தண்டவாளத்தில் எப்போதும் 18 வோல்ட் இருக்கும், கட்டளை 455 கிலோஹெர்ட்ஸ் ரேடியோ அலையாக ஒரே ஒரு வயர் வழியே வெளித்தண்டவாளத்துக்குப் போகும். அலையின் மறுபாதி உங்கள் வீட்டு எர்த் வயர். ஆமாம், சுவருக்குள் ஓடும் அதே எர்த் வயர்தான். நியூ ஜெர்சிப் பக்கத்துப் பழைய வீடுகளில் இன்னமும் எர்த் இல்லாத இரண்டு ஓட்டை பிளக் பாயின்டுகள் இருக்கின்றன, அங்கே அடாப்டர் வைத்து பேஸை (ரிமோட்டின் கட்டளையைத் தண்டவாளத்துக்கு அனுப்பும் பெட்டி) செருகிவிட்டு "இன்ஜின் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை" என்று புலம்புகிறவர்கள் உண்டு. இன்ஜினில் எந்தக் குறையும் இருக்காது.

டிஎம்சிசி இன்ஜின்களில் அந்த அலையைப் பிடிக்கும் ஆன்டெனா எங்கே இருக்கிறது தெரியுமா? பல டீசல்களில் பக்கவாட்டில் ஓடும் கைப்பிடிக் கம்பிதான் ஆன்டெனா. அது பாடியின் உலோகத்தில் படாதபடி சின்னச் சின்ன பிளாஸ்டிக் துண்டுகளில் நிற்கும். யாராவது அழுத்திப் பிடித்துத் தூக்கி, கம்பி வளைந்து உலோகத்தில் பட்டுவிட்டால் சிக்னல் காலி. முன்விளக்கு விட்டு விட்டு மினுக்கும், அல்லது இன்ஜின் "ரிமோட் இல்லை போலிருக்கிறது" என்று நினைத்துக்கொண்டு 18 வோல்ட்டையும் வாங்கி முழு வேகத்தில் கிளம்பிவிடும். பென்சில்வேனியாவில் யார்க் மைதானத்தில் ஏப்ரலிலும் அக்டோபரிலும் ரயில் சந்தை கூடும், அங்கே "போர்டு அவுட், பாகங்களுக்கு மட்டும்" என்று சீட்டு ஒட்டி வைத்திருந்த ஒரு டீசலை நான் பாடி விலைக்கு வாங்கிவந்தேன். உள்ளே எல்லாம் சரியாக இருந்தது, கம்பிதான் ஒரு மூலையில் பட்டுக்கொண்டிருந்தது. ஒரு துண்டு இன்சுலேஷன் டேப், வேலை முடிந்தது. எல்லா நாளும் இப்படி அமையாது. ஆனால் "டெட்" என்று விற்கிற டிஎம்சிசி இன்ஜின் எல்லாம் உண்மையில் செத்ததல்ல.

இந்தத் தலைமுறையை நான் தாராளமாக வாங்கச் சொல்வேன். காரணம் இரண்டு. லயனல் 2007இல் லெகசி என்ற அடுத்த ரிமோட் முறையைக் கொண்டுவந்தபோதும், இப்போதைய பேஸ்3இலும், பழைய டிஎம்சிசி மொழியைக் கைவிடவில்லை, முப்பது வருடப் பழைய இன்ஜினையும் இன்றைய பேஸில் ஓட்டலாம். அடுத்தது, பலவற்றில் ரிசீவர் தனிப் போர்டு, மோட்டார் டிரைவர் தனி, ஒலி தனி. ஒன்று போனால் அதை மட்டும் மாற்றலாம். உதிரி ஒரு நாள் கிடைக்கும், ஒரு நாள் கிடைக்காது, அது வேறு விஷயம். ஆரம்பகால டிஎம்சிசியின் பெரிய குறை வேகம். 32 படிதான், சீராக வேகம் பிடிக்கும் குரூஸும் இல்லை, மேட்டில் திணறி இறக்கத்தில் பாயும். அதற்கு குரூஸ் கமாண்டர் என்று ஒரு மாற்றுப் போர்டு வந்தது, அது கிடைத்து, இன்ஜினில் டப்பா மாதிரி மூடிய டிசி கேன் மோட்டாரும் இருந்தால் அருமையாக வேலை செய்யும். என்னைக் கேட்டால் இந்த ஹாபியில் கொடுத்த காசுக்கு ஈடான அப்கிரேடு இது ஒன்றுதான். பழைய பாணி புல்மோர் ஏசி மோட்டார் இருந்தால் இது பொருந்தாது, வாங்குவதற்கு முன்பே அதைக் கேட்டுவிடுங்கள்.

எம்டிஎச் பக்கம் வந்தால் கொஞ்சம் ஜாக்கிரதை. 1990களின் இன்ஜின்களில் இருப்பது புரோட்டோசவுண்ட் 1 என்ற போர்டு. உள்ளே 9 வோல்ட் பேட்டரி உருவத்தில் 8.4 வோல்ட் ரீசார்ஜ் பேட்டரி இருக்கும். அது செத்துக் கிடக்கும்போது ஓட்டி நிறுத்தினால் சிப்பில் உள்ள நினைவு குழம்பிப்போகும் ஆபத்து உண்டு, அப்புறம் இன்ஜின் நகராது, மணியடித்துக்கொண்டு நிற்கும். இருபத்தைந்து வருடம் அட்டைப்பெட்டியில் கிடந்த இன்ஜினுக்குள் பேட்டரி எந்த நிலையில் இருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். விற்கிறவர் "எடுத்து வைக்கும்போது நன்றாகத்தான் ஓடியது" என்பார். பொய் சொல்லவில்லை, எடுத்து வைத்தது கிளின்டன் காலத்தில், அவ்வளவுதான். அதனால் புதுப் பேட்டரி போடாமல் தண்டவாளத்தில் வைக்காதீர்கள். இந்த வகை எம்டிஎச்சின் டிசிஎஸ் ரிமோட்டுக்கும் கட்டுப்படாது.

2000இல் வந்த புரோட்டோசவுண்ட் 2 வேறு உலகம். மோட்டாரோடு சுற்றும் ஃபிளைவீல் சக்கரத்தைச் சுற்றிக் கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட டேப் ஒட்டியிருக்கும், ஒரு சென்சார் அந்தக் கோடுகளை எண்ணிக்கொண்டே இருக்கும், மணிக்கு இத்தனை மைல் என்று ரிமோட்டில் சொன்னால் மேடோ பள்ளமோ அதே வேகத்தில் ஊர்ந்து போகும். பெரிய இன்ஜின் ஒன்று நடக்கிற வேகத்தில் சத்தமில்லாமல் நகர்வதைப் பார்த்துவிட்டால் பழையதை ஓட்டவே மனசு வராது. ஆனால் இதிலும் இரண்டு வகை. முதலில் வந்தது 5 வோல்ட் போர்டு, பின்னால் வந்தது 3 வோல்ட் போர்டு. முன்னதில் அதே 8.4 வோல்ட் பேட்டரி, பின்னதில் 2.4 வோல்ட் சின்னப் பேட்டரி. 5 வோல்ட் வகை வயதாக ஆக நம்பிக்கையில்லாதது, போனால் மாற்றுப் போர்டு கிடைப்பதும் கஷ்டம். எனவே பேட்டரி எது என்று ஒரு போட்டோ அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். அனுப்ப மறுத்தால் 5 வோல்ட் என்றே வைத்துக்கொண்டு விலை சொல்லுங்கள். சென்சார் டேப் உரிந்து சக்கரம் தாறுமாறாகச் சுற்றினால் மட்டும் பயப்படாதீர்கள், டேப் மலிவு.

கம்பெனியின் நிலையையும் யோசிக்க வேண்டும். நிறுவனர் மைக் வுல்ஃப் ஓய்வு பெறுகிறார், 2021இல் கடையை மூடுகிறோம் என்று எம்டிஎச் 2020இல் அறிவித்தது, அச்சுகள் பல மற்ற கம்பெனிகளுக்குக் கைமாறின. அப்புறம் முழுதாக மூடவில்லை, சுருங்கிய அளவில் நடக்கிறது. அடுத்த தலைமுறையான புரோட்டோசவுண்ட் 3 அப்கிரேடு கிட் வாங்கிப் பழைய பாடிக்குள் வைக்க முடியும். முடியும் என்பதாலேயே செய்யலாமா?

கணக்கு இப்படி. பழைய இன்ஜின் நூற்றுச் சில்லறை டாலர், கிட் அதற்கு மேல், நீங்களே சாலிடர் பிடிக்கத் தெரியாவிட்டால் கூலி வேறு. கூட்டினால், அதே போர்டோடு கம்பெனியிலிருந்தே வந்த செகண்ட் ஹேண்டு இன்ஜினின் விலையைத் தொட்டுவிடும். திருப்பி விற்கும்போது போர்டுக்குப் போட்ட பணம் வராது, வாங்குகிறவர் "யாரோ கைவைத்தது" என்று குறைத்துத்தான் கேட்பார். ஆகவே வேறெங்கும் கிடைக்காத பாடி என்றால் மட்டும் அப்கிரேடு செய்யுங்கள்.

எனக்கு அது ஜிஜி1. பென்சில்வேனியா ரயில்ரோடு 1934க்கும் 1943க்கும் இடையே இறக்கிய மின்சார இன்ஜின், மொத்தம் 139, வடிவமைப்பாளர் ரேமண்ட் லோவி மெருகேற்றிய உடம்பு. கடைசி ஓட்டம் 1983 அக்டோபரில், நியூ ஜெர்சி டிரான்சிட்டில். பென்சில்வேனியாவின் ஸ்ட்ராஸ்பர்கில் உள்ள ரயில் அருங்காட்சியகத்தில் 4800 என்ற முதல் வண்டியைப் பார்க்கலாம், அதற்கு மட்டும் உடம்பெல்லாம் ரிவெட், பின்னால் வந்தவை வெல்டிங் செய்து வழுவழுவென்று இருக்கும். மாடலுக்குள் திறந்து பார்த்தால் அப்கிரேடுக்கென்றே செய்தது மாதிரி இடம். நீண்ட ஒரே பாடி, பின்னால் இழுத்துப்போகும் டெண்டர் (நிலக்கரி, தண்ணீர் வண்டி) கிடையாது, புகைக்கருவி கிடையாது, ஒலி என்றால் ஹாரனும் மணியும் மோட்டார் இரைச்சலும்தான். புது போர்டில் ஒலி அச்சு அசலாக அமையாவிட்டாலும் காதுக்குப் பெரிய நஷ்டமில்லை. நீராவி இன்ஜினில் அப்படியில்லை. புகை சக்கரத்தோடு தாளம் சேர வேண்டும், போர்டுகள் பாதி இன்ஜினில், பாதி டெண்டரில் இருக்கும், சில லயனல்களில் இரண்டுக்கும் நடுவே அகச்சிவப்பு ஒளியில் பேச்சுவார்த்தை நடக்கும். அந்த வகை செத்துப்போனதாக வந்தால் நான் தொடுவதில்லை.

சந்தையில் நேரில் வாங்கினால் முதலில் கவிழ்த்துப் பாருங்கள். நடுத்தண்டவாள ரோலரில் பள்ளம் விழுந்திருக்கிறதா, ரப்பர் டயர் இருக்கிறதா, சக்கரத்தின் முலாம் தேய்ந்து போயிருக்கிறதா. வார்ப்பு பாகங்களில் மயிரிழை விரிசலோ, கொப்புளமோ தெரிந்தால் கீழே வைத்துவிடுங்கள். துத்தநாகக் கலவை உள்ளேயே பொடிந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம், அதற்கு எந்த மருந்தும் இல்லை. பேட்டரி இருந்த இடத்தில் வயர் நுனிகள் பச்சை பூத்திருந்தால் அந்தப் பச்சை வயருக்குள்ளேயே ஏறியிருக்கும், நுனியை மட்டும் வெட்டினால் போதாது.

வாங்கிய போர்டைக் காப்பாற்ற ஒரு வழி உண்டு. லயனலின் பழைய இசட்-டபிள்யூ டிரான்ஸ்பார்மர் இரும்பு மாதிரி உழைக்கும், ஆனால் அதன் பிரேக்கர் மெதுவானது, இன்ஜின் தடம் புரண்டு ஷார்ட் ஆகும்போது அது விழிப்பதற்குள் போர்டு போய்விடும். வேகமான 10 ஆம்பியர் பிரேக்கர் ஒன்றை அதற்கும் தண்டவாளத்துக்கும் நடுவில் போடுங்கள். திடீர் மின்னழுத்த எகிறலை அடக்கும் டிவிஎஸ் டையோடு, 1.5கேஈ36சிஏ என்று கேட்டால் தருவார்கள், நடுத்தண்டவாளத்துக்கும் வெளித்தண்டவாளத்துக்கும் இடையே ஒன்று, முடிந்தால் இன்ஜினுக்குள் ரோலருக்கும் பாடிக்கும் நடுவே ஒன்று. விலை ஒரு காபிக்குக் கீழே.

அப்புறம், பழைய போர்டைக் கழற்றும்போது ஸ்பீக்கரைக் கண்ணை மூடிக்கொண்டு புது போர்டில் இணைத்துவிடாதீர்கள். பின்னால் எத்தனை ஓம் என்று பார்த்துவிட்டு, கிட்டில் கேட்டதற்குப் பொருந்தாவிட்டால் அதையும் சேர்த்து மாற்றிவிடுங்கள்.